செருப்பு விழும் இடம்

சந்தைக்குள் ஒரு பழுதுபார்க்கும் கடை. அங்கே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் கணுக்காலில் துருப்பிடித்துப்போன திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆணி கழன்றதும் பாதம் கையோடு வந்துவிடுகிறது. அது உலோகப் பாதம். சின்ன வயதில் பொருத்தியது. அவள் வளர்ந்துவிட்டாள், பாதம் வளரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிவரத் தன் ரோபோ தோழியை அனுப்பிவிட்டு ஒற்றைக் காலோடு காத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்து நிற்கிறான் நாட்டின் இளவரசன், ரிப்பேருக்கு ஒரு ரோபோவைக் கொண்டுவந்து. எழுந்து வணங்க வேண்டும். எழுவதற்கு ஒரு கால் குறைகிறது.

மெரிசா மேயர் 2012-இல் வெளியிட்ட ‘சிண்டர்’ நாவல் இப்படித் தொடங்குகிறது. கதை நடக்கும் ஊர் எதிர்காலத்தின் புதிய பெய்ஜிங். நாயகி பாதி மனுஷி, பாதி இயந்திரம். யார் இவள் என்பதில் பாதியைப் பெயரே சொல்லிவிடுகிறது. மீதியை அந்தக் கால் சொல்கிறது. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் நம் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. மாற்றாந்தாய் எங்கே? விருந்து எப்போது? எதில் ஏறிப் போவாள்? முக்கியமாக, படிக்கட்டில் எதை விட்டுவிட்டு வருவாள்?

கடைசிக் கேள்விக்கு மேயர் வைத்திருக்கும் பதிலுக்காகவே அந்தப் புத்தகத்தை இன்னொருமுறை படிக்கலாம். மாற்றாந்தாய் புதுப் பாதத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள். சிண்டர் வேறு வழியில்லாமல் பழைய சின்னப் பாதத்தையே மாட்டிக்கொண்டு நடன விருந்துக்குப் போகிறாள். தப்பி ஓடும்போது படிக்கட்டில் விழுகிறாள். அங்கே கழன்று கிடப்பது செருப்பில்லை, பாதமே. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் பதிப்பித்த சிண்ட்ரெல்லா கதையை அறிந்தவர்களுக்கு இந்த இடம் இரட்டைச் சுவை. அதில் சிறிய காலணிக்குள் காலை நுழைப்பதற்காக, தாய் கத்தியை நீட்ட, அக்காமார்களில் ஒருத்தி கட்டைவிரலை வெட்டிக்கொள்வாள். இன்னொருத்தி குதிகாலைச் சீவிக்கொள்வாள். காலணியிலிருந்து ரத்தம் வடிவதைப் புறாக்கள் காட்டிக்கொடுக்கும். வெட்டுண்ட கால், விட்டுப்போன செருப்பு என்று பழங்கதையில் தனித்தனியாகக் கிடந்த இரண்டையும் மேயர் ஒரே பொருளாக உருக்கி வார்த்துவிட்டார். இப்படியொரு இடத்தில் வாசகருக்குச் சத்தம் போட்டு ‘சபாஷ்’ சொல்லத் தோன்றும்.

அக்கா மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுச்சென்ற இரண்டு அட்டைப்பெட்டிகளிலிருந்துதான் இந்த வகைப் புத்தகங்கள் எனக்கு அறிமுகம். மேலட்டையில் ஆப்பிள், ரோஜா, முள், கண்ணாடி. உள்ளே எல்லாம் தெரிந்த கதைகள். தெரிந்த கதைக்கு இத்தனை தலையணைப் புத்தகங்கள் எதற்கு என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. பிறகு ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது, இது நிரவல் என்று.

நிரவலில் பாடகர் கீர்த்தனையிலிருந்து ஒற்றை வரியை எடுத்துக்கொள்கிறார். சொல் மாறக் கூடாது. தாளத்தில் எந்தச் சொல் எங்கே விழ வேண்டுமோ, அங்கேயே விழவும் வேண்டும். இடைப்பட்ட வெளி முழுக்க அவருடையது. ராகம் எங்கெல்லாம் போகும், எப்படித் திரும்பும் என்று தெரியாத பதைப்பும், திரும்பி அந்த இடத்தில் வந்து உட்காரும் என்கிற உறுதியும் சேர்ந்துதான் சபையைக் கட்டிப்போடுகின்றன. தேவதைக் கதையின் மறுகூறலும் இதே வித்தைதான். செருப்பு விழுந்தாக வேண்டும். அது எந்தச் செருப்பு, எப்படி விழுகிறது என்பதில்தான் எழுத்தாளரின் மனோதர்மம்.

சரி, மூல வரி எது? இங்கேதான் ஒரு வேடிக்கை. தேவதைக் கதைகளில் தோண்டத் தோண்ட மறுகூறல்தான் கிடைக்கிறது. பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பிரான்சின் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து வந்தவை. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிய நூலில் யே ஷியன் என்ற பெண் இருக்கிறாள். மாற்றாந்தாய் கொன்றுபோட்ட மீனின் எலும்புகள் அவளுக்கு வரம் தருகின்றன; விழாவிலிருந்து ஓடி வரும்போது அவள் தவறவிட்டது பொன் காலணி. மேயர் தன் நாயகியைச் சீனத்து நகரத்தில் குடியேற்றியபோது கதை ஒருவகையில் பிறந்தகத்துக்குத்தான் போயிருக்கிறது.

கிரிம் சகோதரர்களும் கேட்டதைக் கேட்டபடி அச்சில் ஏற்றியவர்கள் அல்லர். 1812-இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். முதல் பதிப்பின் ரப்புன்ஸல், தன் உடைகளெல்லாம் ஏன் இறுகிப்போகின்றன என்று கிழவியிடம் கேட்பாள். கோபுரத்துக்கு இளவரசன் வந்துபோன விஷயம் அந்த வெகுளிக் கேள்வியில் அம்பலமாகிவிடும். பின்வந்த பதிப்புகளில் கர்ப்பம் மறைந்து வேறு பேச்சு வந்துவிட்டது. 1857-இல் ஏழாம் பதிப்பு வரும்வரை இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருந்தது. வீட்டுக் கூடத்தில் வைக்கத் தோதாக, கதைகளின் முனைகளைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்தார்கள். இன்றைய மறுகூறல்காரர்கள் பல சமயம் செய்வது, தேய்ந்த முனையைத் தேடிப்பிடித்து மீண்டும் கூராக்குவதுதான்.

இளம் வாசகருக்காகவே ஒரு தேவதைக் கதையைத் திருத்திச் சொல்வதும் புதிய வியாபாரமன்று. ‘அழகியும் விலங்கும்’ கதையை 1740-இல் விரிவாக எழுதியவர் வில்னெவ் சீமாட்டி. அது பெரியவர்களுக்கான நெடுங்கதை. அதில் விலங்கு இரவுதோறும் அழகியிடம் கேட்பது, உன்னோடு படுக்கலாமா என்று. 1756-இல் இதைச் சுருக்கி எழுதியவர் பொமோன் அம்மையார். லண்டனில் பெரிய வீட்டுப் பெண்களுக்கு ஆசிரியையாக இருந்தவர். ஓர் ஆசிரியையும் மாணவிகளும் உரையாடுவதாக அமைத்த பாடநூலுக்குள் இந்தக் கதையை வைத்தார். விலங்கின் கேள்வி, என்னை மணந்துகொள்வாயா என்று மாறியது. வீட்டார் பார்த்து வைக்கும் முன்பின் அறியாத ஆணோடு நாளை வாழப்போகிற சிறுமிகள் அவர்கள். முரட்டுத் தோலுக்குள் நல்ல மனம் இருக்கலாம், பொறுத்துப் பார் என்று கதை அவர்கள் காதில் ஓதியது. அந்த அறிவுரை இன்று நமக்குத் தொண்டையில் சிக்கும். ஆனால் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அச்சம் எது என்று அறிந்து, அதற்கேற்றபடி கதையை வளைத்தார் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தில்தான் இந்த வகையின் வேர் இருக்கிறது.

அச்சம் என்றேன். அதற்கு இடம் கொடுப்பது தேவதைக் கதையின் வெறுமை. சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி கவனித்துச் சொன்னது இது: இந்தக் கதைமாந்தருக்கு ஆழமே கிடையாது. காட்டில் விட்டால் நடப்பார்கள், ஓநாய் பேசினால் பதில் சொல்வார்கள், வியக்கவும் மாட்டார்கள், நினைத்து நினைத்து அழவும் மாட்டார்கள். ஐந்து வயதில் இது ஒரு குறையாகவே தெரியாது. அந்த வயதுக் கேள்வியெல்லாம் ‘அப்புறம்?’ என்பதுதான். பதினான்கு பதினைந்தில் கேள்வி ‘ஏன்?’ என்று மாறுகிறது. அப்பா எங்கே போனார்? இவள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை? ஒரு நடனத்தில் பார்த்தவளின் முகம் மறந்துபோய்ச் செருப்பை வைத்துத் தேடுகிறானே, இவனைப் போய் ஏன் கட்டிக்கொண்டாள்?

பழங்கதையில் இதற்கெல்லாம் பதிலில்லை. பதிலில்லாத வெற்றிடம் இருப்பதால்தான் பதின்பருவத்தவர் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ள முடிகிறது. அது உடம்பே பிடிபடாத வயது. கையும் காலும் ஒரு கோடை விடுமுறைக்குள் நீண்டுவிடுகின்றன. போன வருஷச் செருப்பு கடிக்கிறது. சிண்டரின் வளராத பாதத்தை அந்த வயதுப் பிள்ளைகள் அறிவியல் புனைவாக மட்டுமா படித்திருப்பார்கள்?

நல்ல மறுகூறல் இந்த ‘ஏன்’களில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கெய்ல் கார்சன் லெவின் 1997-இல் எழுதிய ‘எல்லா என்சான்டட்’ இதற்கு உரைகல். சிண்ட்ரெல்லா ஏன் சொன்னதையெல்லாம் செய்தாள் என்ற ஒரு கேள்விதான் அந்த நாவலின் முதல். லெவினின் பதில்: அவளால் செய்யாமலிருக்க முடியாது. பிறந்த குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. வாழ்த்த வந்த தேவதை லூசிண்டா, கீழ்ப்படிதல் என்னும் வரத்தை அளித்துவிட்டு, அழுகையை நிறுத்து என்கிறாள். குழந்தை நிறுத்திவிடுகிறது. அன்றிலிருந்து யார் எதை ஏவினாலும் எல்லா என்னும் அந்தப் பெண் செய்தாக வேண்டும். ஐந்தாம் பிறந்தநாளில் சமையற்கார அம்மாள் பிரியமாக ‘சாப்பிடு’ என்று சொல்ல, பிள்ளை கேக்கைத் தின்றுகொண்டே போகிறது, யாராவது நிறுத்து என்று சொல்லும் வரையில்.

நல்ல பிள்ளை என்றால் சொன்னபடி கேட்கும் பிள்ளை என்றுதான் எல்லா ஊர்த் தாத்தா பாட்டிமாரும் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பாராட்டையே சாபமாகத் திருப்பிப்போட்டதில் லெவினின் குறும்பு தெரிகிறது. ஆனால் நான் ரசிப்பது அதற்கடுத்த நகர்வை. ஏவலுக்குள் சந்து தேடுகிறாள் எல்லா. பாத்திரத்தைப் பிடித்துக்கொள் என்றால் பிடித்துக்கொள்வாள். கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும், சமையற்கார அம்மாள் கரண்டியோடு பின்னாலேயே ஓட வேண்டும். சொல்லை மீறாமல் சொன்னவரைத் திணறடிக்கும் இந்தக் கலை, அம்மா ‘புத்தகத்தை எடு’ என்றால் எடுத்து மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் கைவந்தது. இந்தச் சின்னச் சின்னக் கலகங்களில்தான் எல்லா நம் வீட்டுப் பெண்ணாகிறாள். வரத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஹாட்டி என்பவள், எல்லாவின் இறந்துபோன அம்மாவின் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடு என்று கேட்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

உச்சக்கட்டத்துக்கு வருவோம். காலணி பொருந்திவிட்டது. சார் என்னும் பெயருடைய இளவரசன் அவள்மேல் உயிராக இருக்கிறான், அவளும் அப்படியே. அவன் கேட்கிறான். கேட்கிறான் என்பதா? காதலன் வாயில் அது இயல்பாக வரும் வடிவத்தை யோசித்துப் பாருங்கள்: ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்.’ இலக்கணப்படி அது ஏவல் வினை. பள்ளியில் படித்த அந்தச் சொல்லின் பொருளை நான் முழுசாக உணர்ந்தது இந்த இடத்தில்தான். எல்லா ‘சரி’ என்றால் அது சம்மதமில்லை, கீழ்ப்படிதல். அதோடு, அவள் அரண்மனைக்குப் போனால் எதிரி எவனும் அவளை ஏவி இளவரசனின் கதையையே முடித்துவிடலாம். தான் மனதார விரும்புகிற ஒன்றை மறுக்கும் பலம் வந்தால்தான் சாபம் விலகும். நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்ட ‘சரி’யை விழுங்கி, உடம்பு நடுங்க அவள் முடியாது என்கிறாள். அந்த மறுப்பில் கட்டு அறுகிறது. அதன் பிறகு அவளாகச் சொல்லும் சம்மதத்துக்குத்தான் சம்மதம் என்று பெயர்.

கவனியுங்கள், லெவின் பழைய கதையில் ஒரு சொல்லைக் கூடக் கீழே தள்ளவில்லை. விருந்து உண்டு, செருப்பு உண்டு, திருமணமும் உண்டு. எல்லாம் அதனதன் தாளத்தில் விழுந்திருக்கின்றன. சிண்ட்ரெல்லாவின் ‘சரி’க்கு முன்னால் ஒரு ‘முடியாது’ வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவர் கண்டெடுத்தார். 1998-இல் நியூபெரி ஹானர் என்னும் சிறார் நூல் விருது அதற்குக் கிடைத்தது. நடுவர்களை விடுங்கள், வீட்டில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள்.

எல்லா மறுகூறலும் இத்தனை இனிப்பாக முடிவதில்லை. ஜேன் யோலன் 1992-இல் எழுதிய ‘பிரையர் ரோஸ்’ உறங்கும் அழகியின் கதை. பெரியவர்களுக்கான வரிசையில் வந்தாலும் மேல்வகுப்பு மாணவர்கள் கையில் நீண்ட காலமாகப் புழங்கும் புத்தகம். அமெரிக்காவில் ஒரு பாட்டி பேத்திகளுக்கு இந்த ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், தன் பாணியில். அவள் கதையில் கோட்டையைச் சூழ்ந்து ஒரு புகைமூட்டம் வருகிறது. எல்லோரும் உறங்கிப்போகிறார்கள். முத்தத்துக்குப் பிறகு இளவரசி எழுந்துகொள்கிறாள், மற்றவர்கள் எழுவதில்லை. பாட்டி தப்பாகச் சொல்கிறாள் என்று பேத்திகள் நினைத்திருந்தார்கள். சாகும் தறுவாயில் பாட்டி, நான்தான் அந்த இளவரசி என்கிறாள். கடைக்குட்டிப் பேத்தி பெக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போலந்துக்குப் போகிறாள்.

போய்ச் சேரும் இடம் செல்ம்னோ. நாஜிகள் மக்களை நச்சுப்புகையால் கொன்ற முகாம். அங்கே உண்மையிலேயே ஒரு மாளிகை இருந்தது. முள் என்றது கம்பிவேலி. புகைமூட்டம் என்றது லாரிக்குள் விட்ட புகை. முத்தம் என்றது, பிணக்குழியிலிருந்து இழுத்தெடுத்த பெண்ணின் வாயில் ஊதி ஏற்றிய உயிர்மூச்சு. பாட்டி ஓர் எழுத்தும் தப்பாகச் சொல்லவில்லை. நேரடியாகச் சொல்ல வாய் வராததைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே பாத்திரம் தேவதைக் கதை. அப்படி உயிரோடு தப்பிய பெண் எவரையும் தான் அறியவில்லை என்று யோலன் நூலின் இறுதியில் வெளிப்படையாக எழுதிவிட்டார். கதை மகிழ்ச்சியாக முடியலாம், வரலாறு அப்படி முடியவில்லை என்பதைப் பதினாறு வயது வாசகரிடம் மறைக்காத அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குவேன்.

பழைய கதையின் முடிவை அசைத்துப் பார்க்கும் துணிச்சல் நமக்கும் புதிதில்லை. இளையோருக்கென்று எழுதியதல்லாவிட்டாலும் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ இங்கே நினைவுக்கு வராமல் போகாது. ராமன் கால் தூசி பட்டுப் பெண்ணான அகலிகை, சீதையை அவன் தீக்குளிக்கச் செய்ததைக் கேட்டு மறுபடியும் கல்லாகிறாள். கதையின் தொடக்கமும் முடிவும் ஒரே கல்லில் வந்து முட்டுகின்றன. இடம் தவறாமல் விழுவது என்றால் இதுதான்.

அக்கா மகளின் பெட்டிகளில் இருந்ததெல்லாம் இந்தத் தரமில்லை. பாதிக்கு மேல், இளவரசி கையில் வாளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த புத்தகங்கள். நாயகி முதல் பக்கத்திலிருந்தே யாருக்கும் அஞ்சாதவள். வாய்க்கு வாய் பதில் கொடுப்பாள். எல்லா ‘ஏன்’களுக்கும் ஆசிரியர் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லிவிடுவார். மாற்றாந்தாயின் கொடுமைக்கு அவள் பட்ட காயம் காரணம், சூனியக்காரியின் கோபத்துக்கு அவள் காதல் தோல்வி காரணம் என்று கணக்கு நேராகிவிடும். கதையில் இருட்டே மிஞ்சாது. நையாண்டி வேறு ஜாதி. ரோல்ட் டால் 1982-இல் செய்யுளில் எழுதிய கிண்டல் கதைகளில் சிவப்புத் தொப்பிக்காரி துப்பாக்கியை எடுத்து ஓநாயைச் சுட்டுவிடுவாள், சிரித்துவிட்டு நகரலாம். முந்நூறு பக்கம் கூடவே நடக்க அது போதாது. வரியைப் பரிகசிக்கிற பாடகர் அதை நிரவல் செய்ய முடியாது. வரியின்மேல் கொஞ்சம் பக்தி வேண்டும், கொஞ்சம் கோபமும் வேண்டும்.

அந்த இரண்டும் ஒருசேர வாய்த்தவர் என்று நான் நினைப்பது ராபின் மெக்கின்லியை. 1978-இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘பியூட்டி’. நாயகியின் இயற்பெயர் ஹானர், அதாவது மானம். ஐந்து வயதில் அதன் பொருளைக் கேட்டுவிட்டு, இதற்கு அழகி என்றே இருந்திருக்கலாம் என்று அவள் சொல்லப்போக, அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. வளர வளரப் பெயருக்கும் முகத்துக்கும் பொருத்தமில்லை. முகப்பரு, நோஞ்சான் உடம்பு, அளவுக்கு மீறிய கை கால்கள். அக்காமார் இருவரும் அழகிகள், பொறாமைக்காரிகளல்லர், நல்லவர்கள். வில்லியே இல்லாமல் இந்தக் கதையை நகர்த்தலாம் என்று மெக்கின்லி காட்டினார். விலங்கின் கோட்டையில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. நூலகம் உண்டு, அதில் இன்னும் எழுதப்படாத புத்தகங்களும் அடுக்கியிருக்கின்றன. தன் முகத்தை நினைத்துக் கூசும் பெண்ணுக்குக் கண்ணாடியில்லாத வீட்டையும் தீராத புத்தகங்களையும் கொடுத்த அந்தக் கை, அந்த வயதை அறிந்த கை.

மறு ஆண்டே ஆஞ்சலா கார்ட்டர் பெரியவர்களுக்கான தன் தொகுப்பில் இதே கதையை இரண்டுமுறை எழுதினார். ஒன்றில் விலங்கு மனிதனாகிறது. மற்றதில் பெண்ணின் தோல் உரிந்து அவள் விலங்காகிறாள். மெக்கின்லியின் நாவலோ பழைய வழியில்தான் முடிகிறது. விலங்கு அழகனாகிறான், கடைசியில் ஒரு கண்ணாடி வருகிறது, அதில் அவளும் அழகியாகவே தெரிகிறாள். அந்த ஒரு பக்கம் எனக்கு உறுத்தும். இத்தனை தூரம் கண்ணாடியில்லாமல் வந்தவளுக்குக் கடைசியில் அது எதற்கு?

எழுதியவருக்கும் உறுத்தியிருக்குமோ என்னவோ. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், ‘ரோஸ் டாட்டர்’ என்று அதே கதையை மெக்கின்லி மறுபடி எழுதினார். இதற்குள் அவர் அமெரிக்காவை விட்டு இங்கிலாந்தில் குடியேறி, திருமணமாகி, தோட்டத்தில் ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தார். இந்த அழகிக்குக் கையெல்லாம் மண். செடிகளைக் கவாத்து செய்கிறாள், எரு போடுகிறாள், முள் குத்துகிறது. விலங்கின் கோட்டையில் பட்டுப்போய்க்கொண்டிருக்கும் ரோஜாத் தோட்டத்தை மீட்கிறாள். முடிவில் அவளுக்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. செல்வத்தோடும் பழைய அழகோடும் அவன் மனிதனாகத் திரும்பலாம். இப்போதிருக்கும் உருவத்திலேயே, அவள் ஊரில், எளிய வாழ்க்கைக்கு வரலாம். அவள் இரண்டாவதைக் கேட்கிறாள். விலங்கு விலங்காகவே வீட்டுக்கு வருகிறது.

அக்கா மகளின் பெட்டியில் முதலாவது மட்டும்தான் இருந்தது, மூலைகள் மடங்கி, முதுகு ஒடிந்து. இரண்டாவதை நான் வாங்கி, முதலாவதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்தவள் முதலாவதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அந்தக் கண்ணாடி வரும் இடம் பதினாலு வயதில் ரொம்பப் பிடித்திருந்தது மாமா, இப்போது என்னவோபோல இருக்கிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் மற்றதை எடுத்துக் கொடுத்தேன்.